பதினேழாம் எண் வாய் திறக்கவில்லை

வகுப்பில் பேசினால் முட்டி போட வைப்பார்கள் என்று பயந்து பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு, வகுப்பில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதுவதே பிழைப்பாக அமைந்தால் அதை என்னவென்று சொல்வது?

ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்டு வயிறு வளர்க்கும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். வட ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம். அவர்கள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில் இரண்டு கேமராவும் பெஞ்சுக்கு ஒரு மைக்கும் வைத்திருக்கிறார்கள். அதில் பதிவாவதை எழுத்தாக்கி, ஆங்கிலமாக்கி, பக்கத்தில் ‘விளக்கம்’ என்ற கட்டத்தில் இவர் ஏன் இப்படிச் சொன்னார், அவர் ஏன் சிரித்தார் என்று எழுதுவது எங்கள் வேலை. ஆபீஸ், ஷூ சோல் விற்கிற ஒரு கடையின் மாடி. இரவு எட்டு மணிக்கு நான் படியேறுவேன். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது பிற்பகல். எனக்கும் ராத்திரியில் தூக்கம் வராது. வராத தூக்கத்துக்கு ஒரு சம்பளம் கிடைக்கிறதே என்று இருக்கிறேன்.

நான் பத்தாவது ஃபெயில். ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்டில் சோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை டின்களின் மேல் அச்சடித்திருந்த எச்சரிக்கைகள்தான் என் முதல் ஆங்கிலப் பாடம். அதனால் இன்றைக்கும் என் ஆங்கிலம் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பெயரை நாங்கள் எழுதக்கூடாது, எண்தான். ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை பேசியது என்று ஓர் அட்டவணை உண்டு. பருவ முடிவில் பூஜ்யம் வாங்கியிருக்கும் பிள்ளையைத் தனி அறைக்கு மாற்றி, தனியாக ஓர் ஆளை வைத்துச் சொல்லிக்கொடுப்பதாகப் பள்ளிக்கூடத்தோடு ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தனி அறைக்குப் போகிற பிள்ளையைக் கூடப் படிப்பவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது, கடைசி பெஞ்சில் ‘மக்கு’ என்ற பெயரோடு பத்து வருஷம் குடியிருந்த எனக்குத் தெரியும். பூஜ்யத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தாள். ஜன்னலோரம், இரட்டைப் பின்னல். பதினேழாம் எண்.

டீச்சருக்கு மறதியா?

முதல் வாரம் அனுப்பிய கோப்பு புவியியல் பாடம். மிஸ் கேட்கிறார்: “பாலாறு எங்க பொறக்குது? நந்தி...?” மொத்த வகுப்பும் “மலைஐஐ” என்கிறது. “அப்புறம் எங்க போய்க் கலக்குது? வங்கக்...?” “கடல்ல்ல்.” நாற்பது நிமிஷமும் இதே ரீதியில் போகிறது. நான் கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்பிவிட்டேன். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று விளக்கக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மறுநாள் இங்ரிட் அம்மாவிடமிருந்து கடிதம். அந்த ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். வெறும் ‘இங்ரிட்’ என்று கூப்பிடச் சொல்லிப் பல தடவை கேட்டுக்கொண்டார். நாக்கு வரவில்லை, மேடம்தான். மிகுந்த கவலையோடு எழுதியிருந்தார்: ஆசிரியை ஒரு வாக்கியத்தைக்கூட முடிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் பிள்ளைகள்தான் மீதியை எடுத்துக்கொடுக்கிறார்கள், அவருக்கு ஏதாவது மறதி நோய் உண்டா, பள்ளி நிர்வாகத்துக்கு இது தெரியுமா என்று. நான் பதறிப்போய் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். எங்கள் ஊரில் வாத்தியார் பாதிச் சொல்லை நீட்டுவார், மீதியைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், தெரியாதவனும் கூட்டத்தோடு வாயைத் திறந்து ஒட்டிக்கொள்ள அதில் ஓர் இடம் உண்டு என்று எழுதினேன். எழுதியதை நஸ்ரீனிடம் காட்டினேன். பகல் ஷிஃப்டில் வேறொரு பள்ளிக்கூடத்து உருதுக் கோப்புகளைப் பார்ப்பவர் அவர். நான் படியேறும்போது அவர் இறங்குவார். நடுவில் அரை மணி நேரம் பேச்சு. படித்துவிட்டு பர்தாவைச் சரி செய்துகொண்டே சொன்னார்: “எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் முழுசா சொன்னாலே பாதிதான் காதுல ஏறுது. பாதி சொன்னா முழுசா வருதுன்னா, அந்த டீச்சர் குடுத்து வெச்சவங்க அண்ணா.”

ரிப்பன்

அட்டவணையில் ‘அவமதிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஆசிரியர் பிள்ளையைத் திட்டினால் அதில் ஒரு கோடு. ஒரு நாள் மிஸ் பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டு, “ஏய் கழுத, தலைய இன்னாடி பண்ணி வெச்சிருக்க, எரும மேய்ச்சுட்டு வந்தாப்ல. திரும்பு. திரும்புடின்னா” என்கிறார். எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போகும்போது ஐந்து கோடு போட்டிருந்தார். அவர் ஒலியை மட்டும் கேட்டவர். நான் படத்தையும் பார்த்தேன். கழுதை, எருமை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் மிஸ்ஸின் இரண்டு கையும் அந்தப் பெண்ணின் பின்னலை அவிழ்த்து, சீவி, மறுபடி பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தன. முடிச்சு இறுகியதும் முதுகில் ஒரு தட்டு. அந்தப் பெண் பெஞ்சுக்குத் திரும்புகிற நடையைப் பார்க்க வேண்டும். பதக்கம் வாங்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி.

ஐந்து கோட்டையும் அழித்துவிட்டு, ரிப்பனைப் பற்றி விளக்கக் கட்டத்தில் எழுதினேன். இது திட்டா, பாசமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டார். இரண்டும் ஒரே முடிச்சில் இருக்கிறது, பிரித்தால் பின்னல் அவிழ்ந்துவிடும் என்று பதில் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: “அப்படியானால் எங்கள் அட்டவணையில் ‘ரிப்பன்’ என்று ஒரு புதிய கட்டம் சேர்த்துவிட்டேன்.”

சாக்ஸ் போட்டவர்

மேடத்தின் அறியாமையைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றை எனக்கு அனுப்பி, அதைப் பார்த்துக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். இரண்டு ஊர்க் கண்ணும் இரண்டு ஊரையும் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஒருவன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருக்கிறான். ஒருத்தி ஆப்பிள் கடிக்கிறாள். சாக்ஸ் மட்டும் போட்ட, தாடி வைத்த ஓர் ஆள் தரையில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

படம் முடிகிறவரை பொறுமையாகக் காத்திருந்தேன். பிறகு, ‘ஆசிரியர் கடைசி வரை வகுப்புக்கு வரவில்லை. பிள்ளைகள் அதுவரை சமாளித்துக்கொண்டார்கள். பியூன் போல ஒருவர் துணைக்கு இருந்தார். பாவம், அவருக்குச் செருப்புகூட இல்லை, ஆம்பூரிலிருந்து ஒரு ஜோடி அனுப்பலாம்’ என்று எழுதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “அந்தச் சாக்ஸ் போட்டவர்தான் ஆசிரியர், சேகர். அவர் என் தம்பி. செருப்பின் அளவு நாற்பத்து நான்கு.”

கரும்பலகைப் பட்டியல்

அதற்குள் பருவம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. பதினேழாம் எண்ணுக்கு எதிரில் அதே பூஜ்யம். அந்தப் பெண் இந்த வருஷம்தான் பேரணாம்பட்டிலிருந்து வந்து சேர்ந்தவள், வீட்டில் உருது, நாலாவது வரை படித்ததும் உருதுவில் என்று குறிப்புத் தாளில் இருந்தது. நானும் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது இன்றைக்காவது பேசிவிடு தாயே என்று நினைப்பேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருகிற வெள்ளிக்கிழமையே பட்டியல் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை வந்த கோப்பில், மிஸ் தலைமையாசிரியை அறைக்குப் போகிறார். போகும்போது லீடர் பெண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு. லீடர் எழுந்து கரும்பலகையில் பெயர்களை எழுத ஆரம்பிக்கிறாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. மேடம் அதைப் பார்த்துவிட்டு எனக்கு முன்பே பரவசப்பட்டு எழுதியிருந்தார்: அதிகம் பேசும் மாணவர்களின் பெயரைப் பலகையில் எழுதிக் கௌரவிக்கும் இந்த வழக்கம் மிகச் சிறந்தது, கூடுதலாகப் பேசினால் நட்சத்திரம்கூட உண்டு போலிருக்கிறதே என்று. அன்புள்ள மேடம், அது பேசினவர்கள் பட்டியல், நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு தடவை முட்டி போடுவதற்கு என்று பதில் எழுதினேன். சட்டப்படி அந்தப் பெயர்களை எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே வந்தேன். ஒன்பது. இருபத்திரண்டு. பதினெட்டு, நாலு பெருக்கல். அடுத்த பெயரை எண் தாளில் தேடிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். பதினேழு, ஐந்து பெருக்கல். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

எங்கள் அட்டவணையில் பூஜ்யம், லீடர் கணக்கில் முதலிடம். இறங்கிப் போகவிருந்த நஸ்ரீனை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இத்தன மைக் வெச்சு, ரெண்டு பேர் மாசக்கணக்கா கேட்டும் நமக்குக் கேக்கல. அந்த லீடர் பொண்ணு வெறுங்காதுல கேட்டிருக்கா. நம்மள எதுக்குண்ணா வேலைக்கு வெச்சிருக்காங்க?”

நூற்றி இருபது

கணக்குப் பாடத்தைத் திறந்தோம். மிஸ் கேட்கிறார்: “ஒரு ஷூவுல லேஸ் கோக்க பத்து ஓட்ட. ஆறு ஜோடிக்கு எத்தன ஓட்ட?” வகுப்பு முழுக்க “அறுவது” என்று கத்துகிறது. அந்தக் கத்தல் அடங்கின இடத்தில் பதினெட்டாம் எண் எழுந்து, “நூத்தி இருவது மிஸ். ஜோடின்னா ரெண்டாச்சே” என்கிறாள். மிஸ் பாராட்டுகிறார். நான் ஏற்கெனவே எழுதின எழுத்தில் இது அத்தனையும் சரியாக இருந்தது. நடுவில் சின்னதாக ஒரு அடைப்புக்குறி: ‘பின்னணிச் சத்தம்’. என் கையால் போட்டதுதான். அந்த இடத்தை மட்டும் ஒலியைக் கூட்டி நஸ்ரீன் காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உருதுவில் ஒரு கிசுகிசுப்பு. ‘ஏக் சௌ பீஸ்’, அதாவது நூற்றி இருபது. மீதியை நஸ்ரீன் தமிழில் சொன்னார்: ‘ஜோடின்னா ரெண்டு இல்லியா, சொல்லு, எழுந்து சொல்லு.’ படத்தில் உதடு அசைவது பதினேழுக்கு. அடுத்த நொடி அதே பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பதினெட்டு எழுந்து தமிழில் சொல்கிறாள்.

அடுத்த கோப்பும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படித்தான். பதினெட்டு சொன்ன விடைகளில் பாதிக்கு முன்னால் என் அடைப்புக்குறி உட்கார்ந்திருந்தது. தமிழ் வகுப்பு எனக்கு, உருது வகுப்பு நஸ்ரீனுக்கு என்று ஆபீஸில் பாகம் பிரித்திருந்தார்கள். அதனால் என் கோப்பில் உருது காதில் விழுந்தால் அது பேச்சு இல்லை, சத்தம் என்று பழகிவிட்டேன். இந்த ஊர்த் தெருவில் இறங்கி நடந்தால் ஒரே மூச்சில் இரண்டு பாஷையும் போகும், வரும். நானே டீக்கடையில் அப்படித்தான் பேசுகிறேன். மாடி ஏறி ஹெட்போன் மாட்டினதும் ஒரு காதை அடைத்துக்கொண்டிருக்கிறேன். வாயே திறக்காதவள் என்று நினைத்த ஒரு பெண்ணின் வாயை இவ்வளவு நாளும் மூடி வைத்திருந்தது நான்தான் என்று ஆயிற்று. நஸ்ரீன் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. “ஃபீல் பண்றதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்ண்ணா. மொதல்ல எல்லா ஃபைலையும் தொறங்க, பேஜார் ஜாஸ்தி இருக்குது.”

வயிறு யாருக்கு வலிக்குது?

இரண்டு நாள் நஸ்ரீன் காலையில் சீக்கிரம் வந்தார். நான் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பழைய கோப்புகளையெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம். புதன்கிழமை, தப்பு என்னுடையது என்று முதல் வரியில் எழுதி, எல்லாவற்றையும் மேடத்துக்கு அனுப்பினேன். வேலை போனாலும் போகும் என்று பழைய கம்பெனியில் சோல் ஒட்ட ஆள் எடுக்கிறார்களா என்றுகூட விசாரித்து வைத்தேன்.

வேலை போகவில்லை. வந்தது வேறு தலைவலி. கிசுகிசுப்பை மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் அதை எண்ண முடியாது என்றார். வகுப்பில் விடை சொன்னது பதினெட்டு, அதனால் எண்ணிக்கை பதினெட்டுக்கு. ஒரு குழந்தையின் கருத்து அவளுடைய சொந்தக் குரலில் வர வேண்டும், இன்னொருத்தி வாய் வழியாக வந்தால் அதைப் பங்கேற்பு என்று எப்படிச் சொல்வது? மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் எங்கே பிடித்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. தோல் மண்டியில் முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார், தரகர்தான் பேசுவார், அதற்காக வியாபாரம் தரகருடையது ஆகிவிடுமா என்று எழுதிப் பார்த்தேன். அவர்கள் ஊரில் தோல் மண்டி இருக்குமோ இருக்காதோ என்று அழித்தேன். வியாழக்கிழமை இரவு நஸ்ரீன் இறங்கிப் போகும் முன் வந்து பார்த்தபோது திரை காலியாக இருந்தது. அவர் கேள்வியைப் படித்துவிட்டு அலுத்துக்கொண்டு சொன்னதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை: “எங்க மாமியார் டாக்டர்கிட்ட இதுவரைக்கும் நேரா ஒரு வார்த்த பேசுனதில்ல. என் காதுல சொல்வாங்க, நான் டாக்டர்கிட்ட சொல்வேன். அதுக்காக டாக்டர் மாத்திரய எனக்கா குடுத்தாரு? வயிறு யாருக்கு வலிக்குதுன்னு அவருக்குத் தெரியும்.”

ஒன்று

வெள்ளிக்கிழமை போன பட்டியலில் பதினேழு இல்லை. பட்டியலில் யாருமே இல்லை. ‘பக்கத்து வாய்’ என்று ஒரு புதிய கட்டம் மட்டும் அட்டவணையில் ரிப்பனுக்குக் கீழே முளைத்திருந்தது. நடந்தது என்ன என்று பள்ளிக்கூடத்துக்கும் எழுதினார்கள் போலிருக்கிறது. ஏனென்றால் அடுத்த வாரத்துக் கோப்பில் மிஸ், “எழுவது பொட்டி. பொட்டிக்கு ஒரு ஜோடி. மொத்தம் எத்தன ஷூ?” என்று கேட்டுவிட்டு, கூச்சலுக்குக் காத்திராமல் நேராக ஜன்னலோரம் கையைக் காட்டுகிறார். பதினேழு எழுந்து நிற்கிறாள். பதினெட்டு அவசரமாக வாயைத் திறக்கிறாள். “நீ உக்காருடி, வக்கீல்” என்கிறார் மிஸ். வகுப்பு சிரிக்கிறது. பிறகு அமைதி. அமைதியையும் நாங்கள் நொடி போட்டு எழுத வேண்டும். எழுதினேன். இவ்வளவு நீளமான அமைதியை அந்த வகுப்பில் நான் அதுவரை எழுதியதில்லை. நின்றுகொண்டிருந்தது அவள், வியர்த்தது எனக்கு.

“ஏக் சௌ சாலீஸ்” என்றாள், தன் பின்னலின் ரிப்பனைப் பார்த்துக்கொண்டு. பின்னால் யாரோ களுக்கென்றார்கள். மிஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே, பாலாற்றுக்கு நீட்டின அதே குரலை இவளுக்கும் நீட்டினார்: “ஆமா. நூத்தி...?” “நாப்பது” என்றாள் பதினேழு. கூட்டத்தோடு அல்ல, தனியாக.

நான் விளக்கக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. எண்ணிக்கைக் கட்டத்துக்கு வந்தபோது சந்தேகம். முதலில் சொன்னது உருது, பிறகு சொன்னது பாதிச் சொல், மீதிப் பாதி ஆசிரியையுடையது. இதை எப்படி எண்ணுவது என்று மேடத்தையே கேட்டேன். பதில் வருவதற்குள் நஸ்ரீன் இரண்டு தடவை “வந்துச்சாண்ணா?” என்று வீட்டிலிருந்து போனில் கேட்டுவிட்டார். வந்தது: “டீச்சருக்கு மறதி என்று எழுதியதற்கு அவரிடம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாதிச் சொல்தான், இருந்தாலும் முழுசாக ஒன்று என்று போடுங்கள், சேகர்.”

போட்டேன். நான் படித்த காலத்தில் பேசினவனை முட்டி போட வைத்தார்கள், பேசாத என்னைக் கடைசி பெஞ்சில் வைத்தார்கள். ஆக, வகுப்பில் ஒருவன் எப்படி இருந்தாலும் அவனை எழுதிக்கொள்ள யாராவது ஒருவர் ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருப்பார், இப்போதைக்கு அது நான்.